கப்பல் சீட்டும் தரகரும்: வட ஆர்க்காட்டிலிருந்து கடல் கடந்தவர்கள்

காவேரிப்பாக்கம் இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பேரூர். பாலாற்று நீரால் நிரம்பும் அதன் பெரிய ஏரி பல்லவர் காலத்தது. 1752 பிப்ரவரியில் இராபர்ட் கிளைவ் இங்கு நடத்திய போரைப் பாடநூல்களில் படித்தவர்கள் உண்டு. ஊரிலிருந்து கடல் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவு. துறைமுகத்தைக் கண்ணால் பார்த்திராத இத்தகைய ஊர்களிலிருந்துதான் 19ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானோர் கப்பல் ஏறினர். அவர்களுக்குச் சீட்டு வாங்கித் தந்தது யார், சீட்டு யார் பெயரில் இருந்தது, வழியில் கோளாறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சுற்றுலாக் கப்பலில் இடம் பிடிக்க நினைக்கும் ஒருவர் இன்று முகவரிடம் போவதா, கப்பல் நிறுவனத்திடம் நேரே போவதா என்று யோசிக்கும்போது, எது மலிவு என்றுதான் முதலில் பார்க்கிறார். வட ஆர்க்காட்டு வரலாற்றைப் பார்த்தால் அந்தக் கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. இங்கே மிக மலிவான சீட்டு, ஏன், இலவசச் சீட்டுகூட, மிகக் கனமான கடனாக மாறியிருக்கிறது. முழுக்கட்டணம் கொடுத்து வாங்கிய சீட்டு கைக்கு வந்தும் கப்பல் வராமல் போயிருக்கிறது.

ரயிலும் பஞ்சமும்

தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை 1856 ஜூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை திறக்கப்பட்டது. காவேரிப்பாக்கத்தாருக்கு அதுவே பக்கத்து நிலையங்களுள் ஒன்று. அதற்கு முன் மாட்டு வண்டியில் சில நாட்கள் பிடித்த சென்னைப் பயணம் ஒரே பகலில் முடியும்படி ஆயிற்று. 1871-இல் சென்னைப் பாதை இராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. அதன்பின் அரக்கோணம் சந்திப்பு இரண்டு கடல்களுக்கான வாசலாயிற்று. கிழக்கே போனால் சென்னைத் துறைமுகம். வடமேற்கே போனால் பம்பாய்த் துறைமுகம். பிழைப்புத் தேடிப் போனவர்கள் பெரும்பாலும் முதல் வழியிலும், மக்கா யாத்திரை சென்றவர்கள் இரண்டாம் வழியிலும் சென்றனர்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும்பஞ்சம் வட ஆர்க்காட்டையும் விட்டுவைக்கவில்லை. பாலாறு வறண்டால் ஏரிகள் வறண்டன. ஏரி வறண்டால் கூலி இல்லை. ஊரைவிட்டுப் போக மனம் இருந்தவனிடம் கப்பல் கட்டணம் இல்லை. இந்த இடைவெளியில்தான் தரகர் வந்து நின்றார்.

டிப்போ வழிப் பயணம்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் குடியேற்றத்துக்குச் சென்ற முதல் கப்பல் ட்ரூரோ. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911-இல் இம்முறை நிறுத்தப்படும் வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் சென்றவர்கள் மொத்தம் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். சென்னை மாகாணத்தில் ஆட்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் வட ஆர்க்காடும் ஒன்று.

இவர்களில் எவரும் கப்பல் நிறுவனத்திடம் சீட்டு வாங்கவில்லை. சென்னையில் நேட்டால் அரசின் முகவர் இருந்தார். அவருக்குக் கீழே துணை முகவர்கள். அவர்களுக்கும் கீழே உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பவர்கள். சந்தையிலும் சத்திரத்திலும் ரயில் நிலையத்திலும் ஆள் பார்த்துப் பேசி அழைத்துவருவது இவர்கள் வேலை. கூலி தலைக்கு இவ்வளவு. ஆண்கள் 100 பேருக்குப் பெண்கள் 40 பேர் இருக்க வேண்டும் என்ற விகிதம் இருந்ததால், பெண்ணை அழைத்துவருபவருக்குத் தரகு அதிகம். அழைத்துவரப்பட்டவர்கள் கப்பல் வரும்வரை சென்னையில் டிப்போ என்னும் முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. தம் முன்னோர் புறப்பட்ட ஊரைத் தென்னாப்பிரிக்கத் தமிழர் இன்று தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இந்தப் பதிவேடுகளைக் கொண்டுதான்.

பயணக் கட்டணம் இலவசம். ஆனால் அதன் விலை ஒப்பந்தத்தில் இருந்தது. குறித்த முதலாளியிடம் குறித்த ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். ஐந்தாண்டு என்பது வழக்கமாயிற்று. இடையில் வேலையை விட்டால் அது குற்றம், சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் முதலாளி. ஆகவே பயணியின் உழைப்பும் அவர் கணக்கிலேயே எழுதப்பட்டது.

இதற்கு எதிராகக் கைக்காசு கொடுத்துக் கப்பலேறியவர்கள் சிலர். பெரும்பாலும் குஜராத்தி வணிகர்கள். ஓரளவு தமிழ் வணிகர்களும் இருந்தனர். தென்னாப்பிரிக்க வரலாற்றில் இவர்களுக்கு இன்றுவரை வழங்கும் பெயர் ‘பாசஞ்சர் இந்தியர்’. ஒரே கடலைக் கடந்த இரு கூட்டத்தாரில் ஒரு கூட்டத்தை மட்டும் ‘பயணி’ என்று அழைத்தார்கள். சீட்டைத் தானே வாங்கினானா, பிறர் வாங்கித் தந்தார்களா என்பதே ஒருவனுக்கு அங்கே பட்டப்பெயராகவும் அந்தஸ்தாகவும் நிலைத்துவிட்டது.

அரசு ஒன்றும் செய்யாமல் இல்லை. 1883-ஆம் ஆண்டின் இந்தியக் குடிப்பெயர்வுச் சட்டம் ஆள்சேர்ப்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும், புறப்படுபவரைப் பதிவு அதிகாரி முன் நிறுத்தி ஒப்பந்தத்தை விளக்கிச் சம்மதம் கேட்க வேண்டும், துறைமுகத்தில் குடிப்பெயர்வோர் பாதுகாவலர் மேற்பார்வை செய்ய வேண்டும் என்றெல்லாம் விதித்தது. தாளில் நல்ல விதிகள். ஆனால் அதிகாரி முன் நிற்பதற்குள் அந்த மனிதன் பல நாட்கள் தரகர் போட்ட சோற்றைத் தின்றிருப்பான். ஊர் திரும்பக் காசிருக்காது. அந்த நிலையில் ‘சம்மதமா?’ என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

இலங்கை: துண்டும் தகரச் சீட்டும்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் தென்மாவட்டத்தாரும் திருச்சிராப்பள்ளிப் பகுதியினருமே மிகுதி. வட ஆர்க்காட்டின் பங்கு குறைவு. ஆயினும் அங்கு நிலவிய இரண்டு பழக்கங்களை விட்டுவிட்டுத் தரகர் வரலாற்றைச் சொல்ல முடியாது.

ஒன்று ‘துண்டு’. தோட்டத்துக் கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆட்களை அழைத்துப்போவார். வழிச்செலவு, முன்பணம், அரிசி எல்லாம் ஆளின் பெயரில் கடனாக எழுதப்படும். இன்ன தொகை கட்டினால் இக்கூட்டத்தை விடுவிப்பதாகத் தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டே துண்டு. அதைக் காட்டி மற்றொரு தோட்டத்துக் கங்காணியோ துரையோ கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளலாம். பேச்சில் அது கடன் மாற்றம். உண்மையில் ஆள் மாற்றம். 1921-இல் சட்டத்தால் துண்டு ஒழிக்கப்பட்டது.

மற்றொன்று தகரச் சீட்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த இம்முறையில், தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை ஒன்று தொழிலாளியிடம் கொடுக்கப்பட்டது. அதைக் காட்டினால் ரயிலிலும் படகிலும் காசு கேட்கமாட்டார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். படிப்பறியாத தொழிலாளி வழியில் ஏமாற்றப்படாமல் போய்ச்சேர அது உதவியது என்பது உண்மை. அதே வில்லை அவன் எந்தத் தோட்டத்துக்கு உரியவன் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டும் போயிற்று.

மலாயா: கங்காணியோடு போனவரும் ஆவடிக்கு நேரே போனவரும்

தரகர் வழிக்கும் நேர்வழிக்கும் உள்ள வேறுபாடு வட ஆர்க்காட்டாருக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது மலாயாப் பயணத்தில்தான். ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலம் அது. ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910-இல் முடிவுக்கு வந்தது. அதற்குச் சற்று முன்பே, 1907-இல், தமிழர் குடியேற்ற நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளிகள் எல்லோரும் அதற்கு வரி கட்டினர். கப்பல் கட்டணத்தை அந்தப் பொதுநிதி ஏற்றது. எந்த ஒரு முதலாளியும் ‘உன் சீட்டுக்கு நான் பணம் கட்டினேன்’ என்று தனியாக உரிமை கொண்டாட முடியாதபடி ஆயிற்று. சீட்டு அப்போதும் இலவசந்தான். ஆனால் அது கடனாக எழுதப்படவில்லை. நேட்டால் முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

இந்நிதியின் கீழ் புறப்படுவோருக்குச் சென்னைக்கு அருகே ஆவடியிலும், நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. ஆவடி, வாலாஜா சாலையிலிருந்து சென்னை செல்லும் அதே ரயில்பாதையில் உள்ளது. அங்கே போய்ச்சேர இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி கங்காணி. மலாயாவிலுள்ள ஒரு தோட்டத்தில் வேலை செய்பவர் உரிமத்தோடு சொந்த ஊருக்கு வருவார். உறவினரையும் சாதிசனத்தையும் அழைப்பார். கிராம முனிசீப்பு கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஆட்களை ஆவடியில் ஒப்படைப்பார். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். தோட்டம் போய்ச்சேர்ந்த பிறகும், தம் ஆட்களில் வேலைக்கு வந்தவர்களின் கணக்குப்படி கங்காணிக்கு நாள்தோறும் சிறு தொகை கிடைக்கும். ஆகவே ஆள் வேலையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதில் அவருக்குச் சொந்த ஆதாயம் இருந்தது.

இரண்டாவது வழி, எந்தக் கங்காணியும் இல்லாமல் தாமாகவே ஆவடி முகாமுக்குப் போய் நிற்பது. தகுதி உடையவர் என்று கண்டால் முகாம் அவரை ஏற்றுக்கொள்ளும். கப்பல் கட்டணம் அதே நிதியிலிருந்து கிடைக்கும். போய்ச்சேர்ந்த பிறகு எந்தத் தோட்டம் என்று அவரே தேர்ந்துகொள்ளலாம். கங்காணிக்குப் போக வேண்டிய கமிஷனும் இல்லை.

கட்டணம் இரு வழியிலும் ஒன்றே. கப்பலும் ஒன்றே. அப்படியிருந்தும் பலர் பல்லாண்டு கங்காணியையே நாடியதற்குக் காரணம் அறியாமை மட்டும் என்று சொல்வது சரியாகாது. முன்பின் தெரியாத தேசத்தில், முதல் நாள் இரவு யார் வீட்டில் சோறு என்பதற்குக் கங்காணி ஒரு விடை. காய்ச்சல் வந்தால் அவர் கூட இருப்பார். ஊருக்குக் கடிதம் எழுதித் தருவார். பின்னர் ஊரில் போய்வந்தவர்கள் பெருகப் பெருக, இந்தத் தகவல்களையெல்லாம் அண்டை வீட்டுக்காரரே சொல்லத் தொடங்கினார். கங்காணியிடம் இருந்த சரக்கு பொதுச்சொத்தாயிற்று. 1920களிலிருந்து தாமாகச் செல்வோரின் பங்கு கூடிக்கொண்டே போயிற்று. 1922-ஆம் ஆண்டின் குடிப்பெயர்வுச் சட்டமும் தொழிலாளி ஒரு மாத முன்னறிவிப்போடு வேலையை விட்டு விலகும் நிலையை உறுதிசெய்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்து, கூலியும் குறைக்கப்பட்ட பின்னணியில், 1938 ஜூன் 15 முதல் உதவிபெற்ற தொழிலாளர் மலாயா செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. கங்காணித் தொழிலும் அதோடு படுத்தது.

சீட்டு விற்ற கம்பெனிகள்

தொழிலாளர் அல்லாத பயணிகளுக்கும் கப்பல் நிறுவனம் நேரே எதிரில் நிற்கவில்லை. வங்காள விரிகுடாவில் கோலோச்சிய பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குச் சென்னையில் பின்னி கம்பெனியும், தூத்துக்குடியில் ஏ. அண்டு எஃப். ஹார்வி கம்பெனியும் முகவர்கள். ஹார்விகள் தூத்துக்குடியில் நூலாலையும் நடத்தினார்கள். கப்பல் முகவர் என்றால் ஒரு மூலையில் மேசை போட்டு அமர்ந்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. ஊரின் பெருமுதலாளி அவர்.

அந்த ஆதிக்கத்தை எதிர்த்தே வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடி–கொழும்பு வழியில் கட்டணப் போட்டி எழுந்தது. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைப் பெரிதும் குறைத்தது. கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் தருவதாக அறிவித்தது. சீட்டு எவ்வளவு மலிவு என்று மட்டும் பார்த்தவர்கள் குடையை வாங்கிக்கொண்டார்கள். சுதேசிக் கம்பெனி வீழ்ந்தபின் குடை நின்றது, கட்டணம் ஏறியது.

1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் 1973 வரை ஓடியது. மேல்தட்டுப் பயணிகள் பாயும் பெட்டியும் சமையல் பாத்திரமுமாகச் சென்ற அந்தக் கப்பலைப் பற்றிப் பேசும் முதியவர்கள் தமிழகத்திலும் மலேசியாவிலும் உள்ளனர். அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம், 1985 பிப்ரவரி 12 அன்று நடுக்கடலில் தீப்பிடித்து, பயணிகள் பலர் உயிரிழந்தனர். அத்தோடு அந்த வழியும் முடிந்தது. விமானம் முன்பே பயணிகளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

உல்லாசக் கப்பல்

நீண்ட இடைவெளிக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்து பெரிய பயணிக் கப்பல் ஒன்று உல்லாசப் பயணமாகப் புறப்பட்டது 2022 ஜூனில். கார்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் என்னும் அக்கப்பலின் பயணத்தை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். அதே மாதம், பயணத் திட்டத்தில் இருந்த புதுச்சேரியில் இறங்க அனுமதி கிடைக்காமல் கப்பல் திரும்பியது. சூதாட்டம் குறித்த எதிர்ப்பு அங்கே எழுந்திருந்தது. சீட்டில் அச்சிட்டிருந்த ஊர் ஒன்று பயணத்தில் இல்லாமல் போனால் பயணி யாரிடம் கேட்பது?

இன்றைய முறையில் முகவருக்குத் தரகு தருவது கப்பல் நிறுவனம். எனவே பெரும்பாலும் முகவரிடமும் நிறுவனத்தின் இணையதளத்திலும் விலை ஒன்றாகவே இருக்கும். அறைகளை மொத்தமாகப் பிடித்து வைக்கும் பெரிய முகவர் சில வேளை குறைத்தும் தருவார். வேறுபாடு பிறகுதான் தெரியும். முகவர் வழியாகப் பதிந்த சீட்டில் தேதி மாற்ற வேண்டுமானால் நிறுவனம் பொதுவாக முகவரிடமே திருப்பி அனுப்பும். திரும்பக் கிடைக்கும் பணமும் அவர் வழியாகவே வரும். நேரே பதிந்தவருக்கு இந்த வளைவு இல்லை. ஆனால் விசா, மருத்துவக் காப்பீடு, கப்பல் புறப்படும் ஊருக்குப் போய்ச்சேரும் ரயில் எல்லாம் அவர் பாடு. ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பயணி தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது பழைய பயணிகளுக்கு இல்லாத வசதி.

பம்பாய் வழி: மக்கா யாத்திரை

அரக்கோணத்தில் பிரிந்த இரண்டாவது பாதைக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், வேலூர் ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்த முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் பல. வசதி உள்ளவருக்கு வாழ்வில் ஒருமுறை கடமையான ஹஜ்ஜுக்காக இவ்வட்டாரத்தார் பம்பாய் சென்று கப்பலேறி ஜித்தாவில் இறங்கினர். முதலாளி மட்டுமல்ல, தொழிற்சாலையில் தோல் சுமந்து வாழ்நாள் முழுதும் சேர்த்தவரும் அவர்களில் உண்டு. எனவே பணம் இழப்பது என்பது இங்கு வெறும் பணம் இழப்பது அன்று.

19ஆம் நூற்றாண்டில் பம்பாயில் யாத்திரிகர் தரகர்கள் செழித்தனர். தரகர் ஒரு கப்பலைப் பேசி வைத்துக்கொண்டு சீட்டு விற்பார். ‘நாளை புறப்படும்’ என்பார். கப்பல் நிரம்பும்வரை அந்த நாளை வராது. இதற்கிடையில் யாத்திரிகர் கையிலிருந்த பணம் பம்பாயிலேயே கரையும். பலர் போக மட்டும் சீட்டு வாங்கினர். திரும்பிவரக் காசின்றி ஜித்தாவில் தவித்தனர்.

கப்பலின் நிலையோ அதைவிட மோசம். 1880 ஆகஸ்டில், பினாங்கிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் யாத்திரிகரோடு வந்த ஜித்தா என்னும் கப்பலில் நீர் புகுந்தது. கேப்டனும் ஐரோப்பிய அதிகாரிகளும் படகில் ஏறித் தப்பி ஏடன் போய்ச்சேர்ந்து, கப்பல் மூழ்கிவிட்டதாகச் சொன்னார்கள். மறுநாள், மூழ்கியதாகச் சொன்ன கப்பலை மற்றொரு கப்பல் கட்டி இழுத்துக்கொண்டு, யாத்திரிகர்களோடு ஏடனுக்குள் வந்தது. ஜோசப் கான்ராடின் ‘லார்ட் ஜிம்’ நாவலுக்கு இந்நிகழ்ச்சியே வித்து. நாவல் தப்பி ஓடிய அதிகாரியின் மனச்சாட்சியைப் பேசுகிறது. கப்பலில் விடப்பட்டவர்கள் அதில் கிட்டத்தட்ட நிழல்களே.

இத்தகைய சீர்கேடுகளால் 1886-இல் இந்திய அரசு ஒரு புதிய சோதனையில் இறங்கியது. உலகப் புகழ்பெற்ற பயண முகவரான தாமஸ் குக் நிறுவனத்தை ஹஜ் பயணத்தின் அதிகாரபூர்வ முகவராக நியமித்தது. உள்நாட்டு ரயில் நிலையத்திலிருந்தே ஜித்தா வரை போகவர ஒரே சீட்டு, முன்கூட்டியே அறிவித்த கட்டணம், அறிவித்த தேதி என்பது திட்டம். சிறு தரகர்களை ஒழிக்கப் பெரிய முகவரைக் கொண்டுவந்தார்கள். திட்டம் வேரூன்றவில்லை. தரகர்களும் கப்பல் உரிமையாளர்களும் ஒத்துழைக்கவில்லை. யாத்திரிகரிலும் பெரும்பாலோர் தம் மொழி பேசும், தம் ஊராரை அறிந்த தரகரையே நம்பினர். 1890களின் தொடக்கத்தில் ஏற்பாடு கைவிடப்பட்டது. ஆவடியில் கங்காணி நிலைத்ததற்கும் பம்பாயில் தாமஸ் குக் நிலைக்காததற்கும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான்: சீட்டு எங்கே மலிவு என்பதைவிட, முகம் தெரிந்தவர் யார் என்பதே புறப்படுபவருக்குப் பெரிதாக இருந்தது.

பிறகு அரசு தரகரை மாற்றும் முயற்சியை விட்டு, சீட்டின் விதிகளை மாற்றியது. 1895-இல் யாத்திரிகர் கப்பல் சட்டம் வந்தது. 1920களில், திரும்புவதற்கும் சீட்டு வாங்கியிருக்க வேண்டும், இல்லையேல் அதற்கான தொகையைக் கட்டியிருக்க வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. கப்பல் புறப்படும் தேதியை முன்கூட்டி அறிவிக்க வேண்டும், தாமதித்தால் யாத்திரிகருக்கு இழப்பீடு தர வேண்டும் என்பவை விடுதலைக்குப் பின் வந்த 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்திலும் இடம்பெற்றன. ‘நாளை, நாளை’ என்று இழுத்தடித்த தரகருக்கு விழுந்த உண்மையான அடி இதுதான்.

விடுதலைக்குப் பின் முகல் லைன் கப்பல்கள் அரசின் கைக்கு வந்தன. ஹஜ் குழுவிடம் விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் பம்பாய் முசாபர்கானாவில் தங்கிக் கப்பலேறுவது முறையாயிற்று. 1995-இல் கப்பல் பயணம் நின்று, எல்லோரும் விமானத்துக்கு மாறினர். சென்னையும் புறப்பாட்டு நகராயிற்று. கொரோனாவுக்குப் பின் அந்த வசதி இல்லாமல் 2022-இல் தமிழக யாத்திரிகர் கொச்சி சென்று விமானம் ஏற வேண்டியிருந்தது. 2023-இல் சென்னைக்கு மீண்டும் கிடைத்தது.

இன்று ஹஜ் செல்ல இரண்டு வழிகள். ஒன்று, இந்திய ஹஜ் குழு. விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். மற்றொன்று, உரிமம் பெற்ற தனியார் பயண நிறுவனம்; கட்டணம் கூடுதல், குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டாம், தங்குமிடமும் பெரும்பாலும் பக்கத்தில். முதியவரை அழைத்துச் செல்லும் குடும்பங்கள் கடன்பட்டாவது இரண்டாம் வழியைத் தேர்வதுண்டு. குழு வழி முழுக்க ‘நேர்வழி’ என்றும் சொல்ல முடியாது. மக்காவில் முஅல்லிம் எனப்படும் வழிகாட்டியின் ஏற்பாடு அங்கும் உண்டு. வேறுபாடு, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் யார் என்பதில் இருக்கிறது.

அது 2025-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு இந்தியாவுக்குக் கிடைத்த இடங்கள் 1,75,025. அதில் 1,22,518 இடங்கள் ஹஜ் குழுவுக்கு; மீதி தனியாருக்கு. எண்ணூறுக்கும் மேற்பட்ட தனியார் நிறுவனங்கள் 26 கூட்டமைப்புகளாக இணைக்கப்பட்டிருந்தன. மினாவில் கூடாரம், தங்குமிடம், போக்குவரத்து ஆகியவற்றுக்கான ஒப்பந்தங்களைச் சவூதி அரசு விதித்த கெடுவுக்குள் அக்கூட்டமைப்புகள் முடிக்கவில்லை என்று இந்திய அரசு கூறியது. அரசு தலையிட்ட பிறகு சுமார் 10,000 இடங்கள் மட்டும் மீண்டும் கிடைத்தன. ஏறக்குறைய 42,000 பேர் அவ்வாண்டு போக முடியவில்லை. பலர் முழுத்தொகையையும் முன்பே கட்டியிருந்தவர்கள். ஹஜ் குழு வழியாகப் பெயர் வந்தவர்களின் விமானங்கள் திட்டமிட்டபடி புறப்பட்டன.